நியாண்டர்தால் குகைகளை ஆராய விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவில் நல்ல மதிப்பெண் பெற்ற தங்கள் மகள், நீட் தேர்வு வேண்டாம், அழிந்துபோன பழைய மனித இனமான நியாண்டர்தால்களின் கற்கருவிகளைத்தான் ஆராயப் போகிறேன் என்று பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருந்தீர்கள். எந்தப் பட்டப்படிப்பில் சேர்ப்பது என்ற தங்கள் கேள்விக்கு விடை, அந்தத் துறையில் வேலை நடக்கும் விதத்திலேயே இருக்கிறது.

தென் சைபீரியாவின் அல்தாய் மலைப்பகுதியில் சாகிர்ஸ்கயா என்றொரு குகை உண்டு. அங்கு அகழ்ந்தெடுத்த கற்கருவிகளைச் செதுக்கிய முறை, சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள டெனிசோவா குகையின் கருவிகளோடு ஒத்துப்போகவில்லை. 3,000 கிலோமீட்டருக்கும் அப்பால், கிழக்கு ஐரோப்பாவில் நியாண்டர்தால்கள் செய்த கருவிகளோடுதான் ஒத்துப்போகிறது. ஏறத்தாழ 60,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கிலிருந்து ஒரு கூட்டம் அல்தாய்க்கு இடம்பெயர்ந்தது என்று 2020இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதே ஆண்டில் வெளியான மரபணு ஆய்வும், இந்தக் குகையில் வாழ்ந்தவர் டெனிசோவாவின் பழைய நியாண்டர்தாலைவிடக் குரோஷியாவின் விண்டியா குகை நியாண்டர்தாலுக்கே நெருங்கிய உறவு என்று காட்டியது. 2022இல் இக்குகையைச் சேர்ந்த 11 பேரின் மரபணுக்கள் படிக்கப்பட்டன. அவர்களுள் ஒரு தந்தையும் அவருடைய பதின்வயது மகளும் இருந்தார்கள் என்பதைத் தங்கள் மகள் இந்நேரம் தங்களிடம் சொல்லியிருக்கக்கூடும்.

இந்த முடிவுகளுக்கு வர, கல்லில் விழுந்த அடிகளின் வரிசையைப் படிக்கத் தெரிந்தவர், குகையின் மண்ணடுக்குகளைப் பிரித்தறியும் நிலவியலாளர், காலக்கணிப்பு செய்பவர், விலங்கெலும்புகளை இனங்காண்பவர், மரபணுவியலாளர் என்று பலர் தேவைப்பட்டார்கள். இதனால்தான், தொல்லியல் என்றதும் பலர் பரிந்துரைக்கும் இளநிலை வரலாற்றுப் பட்டத்தைத் தங்கள் மகளுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பழைய கற்காலத்திற்குக் கல்வெட்டோ ஏடோ கிடையாது. கல்லும் மண்ணும் எலும்புமே சான்று. இளநிலையில் நிலவியல் படிக்கட்டும். சென்னை மாநிலக் கல்லூரியிலும் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் அப்படிப்பு இருக்கிறது. விலங்கியலும் தவறான தேர்வன்று. முதுநிலைத் தொல்லியலைப் புணேயின் டெக்கான் கல்லூரியில் படிக்கலாம். தொல்மரபணு ஈர்த்தால், லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனம் இருக்கிறது.

வருமானத்தைப் பற்றிய தங்கள் அச்சம் நியாயமானது. இந்தியத் தொல்லியல் துறையிலும் மாநிலத் தொல்லியல் துறையிலும் பணியிடங்கள் குறைவு, அறிவிப்புகளும் ஆண்டுதோறும் வருவதில்லை. ஆனால் முதுநிலையையும் நிலவியலிலேயே முடித்தவர், மத்தியத் தேர்வாணையத்தின் புவி அறிவியலாளர் தேர்வை எழுதி இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்திலோ மத்திய நிலத்தடி நீர் வாரியத்திலோ சேர முடியும். ஆசையை விட்டுக்கொடுக்காமலே கையில் ஒரு தொழிலும் இருக்கும் என்பதுதான் இந்தப் பாதையை நான் முன்வைக்கக் காரணம்.

இந்தியாவில் இதுவரை நியாண்டர்தால் எலும்பு எதுவும் கிடைக்கவில்லை. ஆயினும் நியாண்டர்தால்கள் பரவலாகக் கையாண்ட லெவல்வா முறை, அதாவது கல்லை முன்கூட்டியே வடிவமைத்து, வேண்டிய அளவில் சில்லைப் பெயர்த்தெடுக்கும் முறை, திருவள்ளூர் மாவட்டத்து அதிரம்பாக்கத்தில் சுமார் 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வழக்கில் இருந்ததாக 2018இல் வெளியான ஆய்வு தெரிவித்தது. ஆகவே கருவிகளைப் படிக்கும் பயிற்சியை இங்கேயே தொடங்கலாம். அருகிலுள்ள பூண்டி அகழ்வைப்பகத்திற்கு ஒரு நாள் அழைத்துச் சென்று, ஏதேனும் ஒரு கைக்கோடரியைச் செதுக்குத் தடங்கள் ஒன்றும் விடாமல் வரையச் சொல்லுங்கள். இத்துறையில் ஆண்டின் பெரும்பகுதி குகையில் கழிவதில்லை. அளப்பதிலும் வரைவதிலும் அட்டவணையிடுவதிலுமே கழிகிறது. அந்த வேலை அலுத்துப்போனால், அது இப்போதே தெரிவது நல்லது.

ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் உதவித்தொகையோடு நடத்தும் தொல்பழங்கால முதுநிலைப் படிப்பைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அதை இளநிலையின் மூன்றாம் ஆண்டில் யோசித்தால் போதும். இப்போது நிலவியலுக்கான விண்ணப்பத்தைக் கடைசி நாளுக்கு முன் அனுப்பிவிடுங்கள்.