மலையில ஓடுற வண்டிக்கு வைட்பேண்ட் சென்சார் செட்டிங்: உங்க கேள்வி, என் பதில்

குன்னூர்ல இசியூ (இன்ஜினுக்கு பெட்ரோல், ஸ்பார்க் எவ்வளவுன்னு முடிவு பண்ற கம்ப்யூட்டர்) மாத்தின வண்டிகளை ட்யூன் பண்றதுதான் என் வேலை. வைட்பேண்ட் சென்சாரை, அதாவது புகைல இருக்கிற ஆக்ஸிஜனை வெச்சு காத்து-பெட்ரோல் விகிதத்தை சொல்ற சென்சாரை, சாஃப்ட்வேர்ல எப்படி செட் பண்றதுன்னு நீலகிரி, கொடைக்கானல் ரெண்டு பக்கமிருந்தும் கேள்வி வந்திருக்கு, வந்ததை வந்தபடியே எடுத்து சொல்றேன்.

கோத்தகிரி: ஜிப்சில ஸ்பீடுயினோ இசியூ போட்டிருக்கேங்ணா. வைட்பேண்ட் இன்னோவேட் கம்பெனி. டேஷ்போர்டுல இருக்கிற மீட்டர் 14.7 காட்டுது, அதே நேரம் லேப்டாப்ல ட்யூனர்ஸ்டுடியோ சாஃப்ட்வேர் 13.9 காட்டுது. எதை நம்பறதுங்?

இது சரியாகுற வரைக்கும் விஈ டேபிள்ல (இன்ஜின் எந்த நிலைல எவ்வளவு காத்து இழுக்கும்ங்கிற பட்டியல்) கை வைக்காதீங்க தம்பி. சாஃப்ட்வேர் எந்த நம்பரை பாக்குதோ அதை வெச்சுதான் பெட்ரோலை கூட்டும் குறைக்கும், நம்பரே தப்புன்னா டேபிளை தானா திருத்துற ஆட்டோட்யூன் முழு டேபிளையும் அழகா தப்பாவே எழுதி குடுத்துடும்.

முதல்ல ஸ்கேல். டூல்ஸ் மெனுல ஏஎஃப்ஆர் காலிப்ரேஷன்னு இருக்கும் (ஏஎஃப்ஆர்ங்கிறது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காத்துங்கிற நம்பர், மீட்டர் காட்டுறது அதுதான்), அதுல உங்க வைட்பேண்ட் கன்ட்ரோலர் (சென்சாரை இயக்குற பெட்டி) எத்தனை வோல்ட்டுக்கு எத்தனை ஏஎஃப்ஆர் அனுப்புதோ அதே கோடுதான் இருக்கணும். இன்னோவேட்ல கம்பெனி செட்டிங் 0 வோல்ட்னா 7.35, 5 வோல்ட்னா 22.39. ஏஇஎம் கம்பெனி எக்ஸ் சீரிஸ்னா 0.5 வோல்ட்டுக்கு 8.5, 4.5 வோல்ட்டுக்கு 18. 0 வோல்ட்டுக்கு 10, 5 வோல்ட்டுக்கு 20ன்னு அனுப்புற கன்ட்ரோலரும் இருக்கு. லிஸ்ட்ல பேர் பாத்து செலக்ட் பண்ணா பத்தாது, மேனுவல்ல இருக்கிற ரெண்டு புள்ளியையும் ஒத்து பாருங்க, பாத்துட்டு இசியூவுக்கு ரைட் பண்ண மறக்காதீங்க.

உங்க கணக்கை போட்டு பாத்தேன். மீட்டர் 14.7 காட்டும்போது இன்னோவேட் அனுப்புறது 2.44 வோல்ட். அதை ஏஇஎம் எக்ஸ் சீரிஸ் கோட்டுல படிச்சா 13.1 வரும், 10-20 கோட்டுல படிச்சா 14.9 வரும், உங்களுக்கு 13.9 வருது, அதனால ஸ்கேல் தப்புன்னு தோணல. 13.9ன்னா இசியூவுக்கு 2.18 வோல்ட்தான் தெரியுது, நடுவுல கால் வோல்ட் காணாம போயிருக்கு, அது கிரவுண்ட் (எர்த்) பிரச்சனை. உறுதி பண்ணணும்னா ரிச்சா (பெட்ரோல் கூட) இருக்கும்போதும் லீனா (பெட்ரோல் கம்மி) இருக்கும்போதும் ரெண்டு நம்பரையும் எழுதி வெச்சு பாருங்க. வித்தியாசம் எல்லா இடத்துலயும் ஒரே அளவா இருந்தா கிரவுண்ட், இடத்துக்கு இடம் மாறினா ஸ்கேல்.

இன்னொண்ணு, சாஃப்ட்வேர் மீட்டரை விட கம்மியா காட்டினா இசியூ கிரவுண்ட்தான் மேல ஏறி நிக்குது, கூட காட்டினா வைட்பேண்டோட கிரவுண்ட் ஏறி நிக்குது. உங்களுது கம்மி, அதனால இசியூவோட கிரவுண்ட் வயரை பாருங்க, பெயின்ட் மேலயோ துரு மேலயோ போல்ட் போட்டிருப்பாங்க, நம்ம ஊர் ஈரத்துக்கு அது சீக்கிரம் கெடும். இன்ஜின் ஓடிட்டு இருக்கும்போது ஹெட்லைட், ஃபேன் எல்லாம் போட்டு, இசியூ சென்சார் கிரவுண்டுக்கும் வைட்பேண்ட் கிரவுண்டுக்கும் நடுவுல மல்டிமீட்டர் வைங்க, சில மில்லிவோல்ட்டுக்கு மேல இருக்கக்கூடாது. இன்னோவேட்ல 0.1 வோல்ட் நகந்தாலே 0.3 ஏஎஃப்ஆர் போயிடும். ரெண்டையும் இன்ஜின் பிளாக்ல ஒரே இடத்துக்கு கொண்டு வந்துடுங்க.

கொடைக்கானல்: அண்ணே, சென்சாரை வெளிக்காத்துல வெச்சு அளவு சரிபண்ற ஃப்ரீ ஏர் காலிப்ரேஷனை இங்க மேல பண்ணலாமா, இல்ல வத்தலகுண்டு இறங்கி பண்ணணுமா? இங்க ஆக்ஸிஜன் கம்மின்னு சொல்றாங்களே.

வண்டி எங்க ஓடுதோ அங்கயே பண்ணுங்க. காத்துல ஆக்ஸிஜன் பங்கு கொடைக்கானல்லயும் 20.9 சதவீதம்தான், வத்தலகுண்டுலயும் அதேதான், குறையிறது காத்தழுத்தம். சென்சார் ஆக்ஸிஜனை அளக்க பயன்படுத்துற பம்ப் கரண்ட் அழுத்தத்தை பொறுத்து லேசா மாறும்ங்கிறது உண்மைதான், ஆனா லாம்டா 1ல (காத்தும் பெட்ரோலும் மிச்சமில்லாம எரியற சரிவிகிதம், மீட்டர்ல 14.7) பம்ப் கரண்டே பூஜ்யம், அதனால அந்த இடத்துல அழுத்தத்தால தப்பு வராது, ரிச்லயும் லீன்லயும் தள்ளி போகப்போகத்தான் கொஞ்சம் விலகும். சென்சாரை பைப்லருந்து கழட்டி வெளிக்காத்துல தொங்கவிட்டு பண்ணுங்க, இப்பதான் வண்டி ஸ்டார்ட் பண்ணி நிறுத்தின ஷெட்டுக்குள்ள வேண்டாம்.

நிறைய ஏஇஎம் மாடல்ல பாஷ் எல்எஸ்யூ 4.9 சென்சார் வரும், அந்த மாடலுக்கு இந்த வேலையே கிடையாது, காலிப்ரேஷன் ரெசிஸ்டர் கனெக்டருக்குள்ளயே இருக்கு. வயர் பத்தலன்னு அந்த கனெக்டரை வெட்டி ஜாயின்ட் போட்டுடாதீங்கண்ணே, அந்த சென்சாருக்கான அளவே அதோட போயிடும்.

ஊட்டி: ஏழு மாசத்துல ரெண்டு சென்சார் போச்சு சார். டூப்ளிகேட்டா வித்துட்டாங்களா?

இருக்கலாம், ஆனா நான் முதல்ல சந்தேகப்படுறது தண்ணி. ஜனவரில உறைபனி விழற ஊருல காலைல ஸ்டார்ட் பண்ணா சைலன்சர் பைப்புக்குள்ள தண்ணி கோத்துக்கும், நல்லா சுட்டுக்கிட்டு இருக்கிற செராமிக் மேல ஒரு சொட்டு பட்டா போதும், விரிசல் விட்டுடும். எல்எஸ்யூ 4.9 வேலை செய்யறதே 780 டிகிரி செல்சியஸ்ல. அதனால சென்சார் மாட்டுற நட்டை பைப்போட மேல்பக்கமா, படுக்கை மட்டத்துலருந்து குறைஞ்சது 10 டிகிரி மேல சாஞ்ச மாதிரி வெல்ட் பண்ணணும், அடிப்பக்கம் கூடவே கூடாது. சாவியை ஆன் பண்ணி வெச்சுட்டு டீ குடிக்க போகாதீங்க, ஹீட்டர் பவர் இன்ஜின் ஓடும்போது மட்டும் வர்ற மாதிரி ஃப்யூல் பம்ப் ரிலேல எடுத்துக்கலாம். அதே மாதிரி கனெக்டரை கழட்டிட்டு சென்சாரை மட்டும் பைப்ல விட்டு ஓட்டினாலும் கரி படிஞ்சு போயிடும். கேஸ்கட்டுக்கு சாதா சிலிக்கான் பேஸ்ட் போட்டிருந்தா அதையும் நிறுத்துங்க, அதோட ஆவி சென்சாரை கெடுக்கும்.

கூடலூர்: இப்ப பங்க்ல வர்றது ஈ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த) பெட்ரோல். மீட்டர்ல 14.7ஐ 13.5ன்னு மாத்தணுமா?

வேண்டாங்க. சென்சார் அளக்கிறது லாம்டாவை. மீட்டர் அதை 14.7ஆல பெருக்கி காட்டுது, அவ்வளவுதான். ஈ20க்கு உண்மையான சரிவிகிதம் 13.5 கிட்ட, ஆனா லாம்டா 1 வந்தா மீட்டர் 14.7ன்னுதான் சொல்லும். ஒரு பக்கம் மாத்தி ஒரு பக்கம் மாத்தாம விட்டா குழப்பம்தான் மிஞ்சும். என் ஆசை என்னன்னா எல்லாருமே டேபிளை லாம்டாலயே வெச்சுக்கணும், ஐடில்ல 1 கிட்ட, ஃபுல் த்ராட்டில்ல (ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிக்கும்போது) டர்போ இல்லாத இன்ஜினுக்கு 0.86 கிட்ட ஆரம்பிங்க, எந்த பெட்ரோல் வந்தாலும் அந்த நம்பர் அர்த்தம் மாறாது.

மேட்டுப்பாளையம்: எஸ்டீம், நாலு தனி த்ராட்டில் பாடி, ஆல்ஃபா-என்ல (த்ராட்டில் திறப்பை வெச்சு பெட்ரோல் கணக்கு போடுற முறை) ஓடுதுங்ணா. கீழ கச்சிதமா இருக்கு, குன்னூர் வந்து சேரும்போது மீட்டர் 12.3ல நிக்குது, கருப்பு புகை. ஒருதடவை ஆஃப் பண்ணி ஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது.

பதிலை நீங்களே சொல்லிட்டீங்க, ஆஃப் பண்ணி போட்டா சரியாகுது. தனி பாரோ சென்சார் (வெளிக்காத்து அழுத்தத்தை அளக்கிறது) இல்லன்னா இசியூ சாவி போடும்போது மேப் சென்சார் (இன்ஜினுக்கு காத்து போற மேனிஃபோல்ட்ல அழுத்தத்தை அளக்கிறது) காட்டுற அழுத்தத்தையே வெளிக்காத்து அழுத்தம்னு எடுத்து வெச்சுக்கும். உங்க ஊர்ல அது 97 கேபிஏ (கிலோபாஸ்கல்) கிட்ட. கல்லாறு தாண்டி கொண்டை ஊசி வளைவெல்லாம் ஏறி வந்தா குன்னூர்ல இருக்கிறது 81 கிட்ட, ஆனா இசியூ இன்னும் 97ன்னே நெனச்சு 20 சதவீதம் கூட பெட்ரோல் ஊத்துது. 14.7ஐ 1.2ஆல வகுத்தா 12.25, உங்க மீட்டர் சரியாத்தான் சொல்லுது!

பர்லியார்ல நிறுத்தி ஆஃப் பண்ணி போடுறது தீர்வில்ல, தனியா ஒரு பாரோ சென்சார் போட்டு செட்டிங்ல அதை தொடர்ந்து படிக்கிற மாதிரி மாத்துங்க. அது வர்ற வரைக்கும் பாரோ குறைஞ்சபட்ச எல்லையை 72 மாதிரி வெச்சுக்கோங்க, ஓடும்போது இசியூ ஒரு நொடி ரீசெட் ஆச்சுன்னா மேனிஃபோல்ட்ல இருக்கிற குறைஞ்ச அழுத்தத்தை பாரோன்னு எடுத்துக்கும், லீனாகி நின்னுடும்.

ஊட்டி: மேப் சென்சார் வெச்சு ஸ்பீட் டென்சிட்டில (மேப் அழுத்தத்தையும் ஆர்பிஎம்மையும் வெச்சு பெட்ரோல் கணக்கு போடுற முறை) ஆட்டோட்யூன் முழுசா முடிச்சிட்டேன் சார், எல்லா இடத்துலயும் டார்கெட்ல நிக்குது. அடுத்த வாரம் கோயம்புத்தூர் போறேன், அப்படியே போலாமா?

போகாதீங்க, இதை கொஞ்சம் பொறுமையா படிங்க. ஊட்டில ஆக்ஸிலேட்டரை முழுசா மிதிச்சாலும் மேப் 76, 77க்கு மேல ஏறாது, வெளியில இருக்கிறதே அவ்வளவுதான். உங்க விஈ டேபிள்ல 80, 90, 100 கேபிஏ வரிசையை ஆட்டோட்யூன் தொட்டிருக்கவே முடியாது, அதுல இருக்கிறது டவுன்லோட் பண்ண பேஸ் மேப்போட (ஆரம்ப டேபிளோட) நம்பர். மேட்டுப்பாளையத்துல மிதிச்சீங்கன்னா வண்டி நேரா அங்கதான் போய் உக்காரும், லீனா இருக்குமா ரிச்சா இருக்குமான்னு யாருக்கும் தெரியாது, அதுவும் ரோடு காலியா இருக்கும்போது ஃபுல் த்ராட்டில்ல.

75 வரிசைல வந்த நம்பரை எடுத்து மேல இருக்கிற வரிசைகளுக்கு போடுங்க, 100 பக்கம் போகப்போக ரெண்டு மூணு கூட்டியே வைங்க, ரிச் பக்கம் தப்பினா பெட்ரோல்தான் போகும். இக்னிஷன் டேபிள் (ஸ்பார்க் எப்ப அடிக்கணும்ங்கிற பட்டியல்) அதைவிட முக்கியம். மேல அழுத்தம் கம்மிங்கிறதால அட்வான்ஸ் (ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்கிறது) கூட வெச்சாலும் நாக் (கட்டுப்பாடில்லாம வெடிச்சு எரியறது) ஆகாம ஓடும், அதே நம்பரை 100 வரிசைக்கு இழுத்துட்டு போனா கீழ பிஸ்டன் போயிடும், அங்க நல்லா குறைச்சு வைங்க. அப்புறம் காரமடை பக்கம் நேர் ரோடுல பக்கத்துல ஒருத்தர் லேப்டாப்போட உக்காந்து, பாதி த்ராட்டில்லருந்து படிப்படியா ஃபுல் த்ராட்டில் வரைக்கும் லாக் எடுங்க. இஜிஓ கரெக்ஷனை (சென்சாரை பாத்து ஓடும்போதே இசியூ பெட்ரோலை திருத்துறது) 5, 10 சதவீதத்துக்கு மேல விடாதீங்க, அது பெருசா இருந்தா டேபிள் தப்பை மூடி மறைச்சிடும்.

பெருமாள்மலை: இறக்கத்துல மீட்டர் 22.4 போயிடுது, இன்ஜினுக்கு ஆபத்தாண்ணே?

இல்லண்ணே. கால் எடுத்ததும் இன்ஜெக்டர் கட் ஆகுது, வெறும் காத்துதான் போகுது. ஆட்டோட்யூன் ஃபில்டர்ல ஓவர்ரன்னை (இப்படி கால் எடுத்து ஓடுற நேரத்தை) மட்டும் ஒதுக்கி வெச்சிடுங்க. ஆனா கால் வெச்சிருக்கும்போதே லீன் காட்டி வண்டி திக்கினா மிஸ்ஃபயரா, மேனிஃபோல்ட் லீக்கான்னு பாருங்க, எரியாத ஆக்ஸிஜன் சென்சாருக்கு லீன் மாதிரிதான் தெரியும்.

பூம்பாறை: கார்புரேட்டர் ஜீப். சாஃப்ட்வேரே இல்ல, மீட்டர் மட்டும் போட்டா பிரயோஜனம் உண்டா?

நல்லாவே உண்டு. கீழ 12.8ல நிக்கிற கார்புரேட்டர் மேல வந்தா 11.6 கிட்ட வரும், காத்து லேசாகுது, பெட்ரோல் அந்தளவுக்கு குறையறதில்ல. மெயின் ஜெட் (பெட்ரோல் வர்ற துளை) ஒரு சைஸ் குறைச்சு மீட்டரை பாத்துக்கிட்டே ஏத்தத்துல ஓட்டுங்க. வண்டி மாசத்துல பாதி நாள் பழனி, வத்தலகுண்டுன்னு கீழ போகும்னா பெரிய ஜெட்டை கூடவே வெச்சிருங்க, கீழ சின்ன ஜெட்டோட லோடு ஏத்தாதீங்க.

குன்னூர்: ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு வைட்பேண்ட் போடலாமாங்ணா?

ஜெட் செட் பண்ற அன்னிக்கு மட்டும் போட்டு, முடிஞ்சதும் கழட்டி அந்த ஓட்டையை போல்ட் போட்டு மூடிடுங்க. டூ ஸ்ட்ரோக் ஆயில்ல சென்சார் ரொம்ப நாள் தாங்காது.