மூழ்கிய கப்பல்களைத் தேடுதல் – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

தங்கள் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக வாசித்துவருகிறேன். என் வயது 31. கணினி நிறுவனம் ஒன்றில் பணிபுரிகிறேன். அண்டார்க்டிகாவின் வெடல் கடலில் துருவப் பயணி ஷாக்கிள்டனின் எண்டூரன்ஸ் கப்பல் 2022-இல் கண்டுபிடிக்கப்பட்ட செய்தியைப் படித்த நாளிலிருந்து மூழ்கிய கப்பல்களைப் பற்றிய நினைப்பு என்னை விட்டு அகலவில்லை. முறைப்படி முக்குளிக்கக் கற்றுக்கொண்டேன். ஒரு குறிப்பிட்ட கப்பலை மனத்தில் வைத்திருக்கிறேன். அதன் பெயரைச் சொல்ல இப்போது தயக்கமாக இருக்கிறது. நண்பர்களோ, “கோடீஸ்வரர்களின் பணமும் இயந்திரங்களும்தான் இன்று கப்பல்களைக் கண்டுபிடிக்கின்றன. உனக்கு வேண்டியது புதையல், அதை ஒப்புக்கொள்ள வெட்கப்படுகிறாய்” என்கிறார்கள். இது உண்மையான சாகசமா, வயது வந்த பிறகும் விடாத சிறுவர் கனவா? எங்கிருந்து தொடங்குவது?

அன்புடன்,
கா.

அன்புள்ள கா.,

இது சாகசம்தான், அதில் உங்களுக்கு ஐயமே வேண்டாம். ஆனால் அதன் பெரும்பகுதி தண்ணீருக்கு வெளியே, பழைய காகிதங்களுக்கு நடுவே நடக்கிறது. என்றோ இறந்துபோன ஒருவர் “இந்த இடத்தில்தான் மூழ்கியது” என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த ஒரு சொல்லை நம்பலாமா, எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கணக்கிட்டு, அந்தக் கணக்கின் மேல் தன் வாழ்நாளின் பல ஆண்டுகளை இன்னொருவர் பணயம் வைக்கிறாரே, அதையே நான் சாகசம் என்பேன்.

நீங்கள் குறிப்பிட்ட எண்டூரன்ஸையே எடுத்துக்கொள்வோம். பனிப்பாளங்களால் நெரிக்கப்பட்ட அந்தக் கப்பல் 1915 நவம்பர் 21 அன்று மூழ்கியபோது வானம் மூடியிருந்ததால் கப்பல் தலைவர் ஃபிராங்க் வோர்ஸ்லியால் சூரியனைக் குறிபார்க்க முடியவில்லை. மறுநாள் வானம் திறந்தபோது சூரியனின் உயரக் கோணத்தை அளக்கும் செக்ஸ்டண்ட் கருவியால் அளந்து, இடைப்பட்ட நேரத்தில் பனி எவ்வளவு நகர்ந்திருக்கும் என்று கணித்து, ஒரு புள்ளியைத் தன் குறிப்பேட்டில் எழுதினார். பனியின் மேல் கூடாரத்தில் தங்கியிருந்த, உயிரோடு திரும்புவோமா என்றே தெரியாத ஒருவர் எழுதிய புள்ளி அது. 106 ஆண்டுகள் கழித்து, 3008 மீட்டர் ஆழத்தில் கப்பல் கிடைத்தபோது அது வோர்ஸ்லியின் புள்ளிக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கு கடல் மைல் தொலைவில்தான் இருந்தது. உங்கள் நண்பர்கள் சொல்வதுபோல் பனி உடைக்கும் கப்பலும், ஆளில்லா நீர்மூழ்கியும், பெரும் பணமும் அதற்குத் தேவைப்பட்டன. 2019-இல் நடந்த முந்தைய முயற்சி தன் நீர்மூழ்கியைப் பனிக்கு அடியிலேயே இழந்துவிட்டுத் திரும்பியது என்பதும் உண்மை. ஆனாலும் அந்த இயந்திரத்தை எங்கே இறக்குவது என்று சொன்னது வோர்ஸ்லியின் கையெழுத்து.

பணமும் இயந்திரமும் இல்லாமல் தேடியவரும் உண்டு. ஸ்வீடனின் போர்க்கப்பல் வாசா 1628-இல் தன் முதல் பயணத்தில், ஸ்டாக்ஹோம் துறைமுகத்தைத் தாண்டுவதற்குள்ளேயே காற்றில் சாய்ந்து மூழ்கியது. அதைத் தேடிய ஆண்டர்ஸ் ஃபிரான்சென் ஓர் எரிபொருள் பொறியாளர். ஓய்வு நேரங்களில் படகில் சென்று தேடியவர். மரத்தைத் துளைத்துத் தின்னும் கப்பல் புழு உப்புக் குறைந்த பால்டிக் கடலில் வாழ்வதில்லை, ஆகவே அங்கே மூழ்கிய மரக்கலம் முழுதாகவே இருக்க வேண்டும் என்பது அவருடைய ஊகம். கொக்கியை இழுத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் துறைமுகத்தைத் துழாவினார். துருப்பிடித்த அடுப்புகளும் மிதிவண்டிகளும்தான் சிக்கின. கப்பல் மூழ்கிய சில நாட்களில் அரசவை மன்னருக்கு எழுதிய கடிதம் அவர் கண்ணில் பட்ட பிறகே தேட வேண்டிய இடம் பெக்ஹோல்மன் தீவின் அருகே என்று தெளிவாயிற்று. கயிற்றில் கட்டி இறக்கினால் அடியில் உள்ளதைச் சிறு துண்டாக வெட்டி எடுத்துவரும் எளிய கருவி ஒன்றை அவர் வைத்திருந்தார். 1956 ஆகஸ்டில் ஒருநாள் அது கருத்த ஓக் மரத்துண்டு ஒன்றைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது.

அதன் பிறகு நடந்ததை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வதுண்டு. பேர் எட்வின் ஃபெல்டிங் என்ற முக்குளிப்பவர் 32 மீட்டர் ஆழத்தில், தன் கையே தனக்குத் தெரியாத இருட்டில், சேற்றுக்குள் நின்றுகொண்டு எதிரே ஒரு மரச்சுவரைத் தடவுகிறார். சதுரமான திறப்பு ஒன்று விரல்களுக்குத் தட்டுப்படுகிறது. சற்றுத் தள்ளி இன்னொன்று. மேலே ஏறித் தடவினால் அதேபோல் இன்னொரு வரிசை. பீரங்கிகளுக்கான துளைகள், அதுவும் இரண்டு அடுக்காக. 328 ஆண்டுகளுக்கு முன் மூழ்கிய கப்பலை ஒரு மனிதர் கண்ணால் காணாமல் விரல்களால் எண்ணி அடையாளம் கண்டார்.

ஆவணங்களை வாசிப்பதும் இப்படி இருட்டில் தடவுவதுதான். பழைய குறிப்பில் தீர்க்கரேகை எழுதியிருந்தால் அது எங்கிருந்து அளக்கப்பட்டது என்பதே முதல் கேள்வி. கிரீன்விச்சைப் பொதுத் தொடக்கமாகக் கொள்ளும் தீர்மானம் 1884-இல்தான் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் பாரிஸிலிருந்து எண்ணினார்கள். ஸ்பானிய வரைபடங்களில் தொடக்க இடமாகக் காடிஸ் நகரும் வரும், தெனெரிஃப் தீவும் வரும். பாரிஸுக்கும் கிரீன்விச்சுக்கும் உள்ள வேறுபாடு 2 பாகை 20 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). நிலநடுக்கோட்டருகே அது 140 கடல் மைல். இதைக் கவனிக்கத் தவறியவர் வாழ்நாள் முழுவதும் வெறும் மணலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான். நாட்களிலும் இதே சிக்கல் உண்டு. 1752 வரை இங்கிலாந்து பழைய நாட்காட்டியையே பின்பற்றியதால், அந்த நூற்றாண்டில் ஒரே புயலை ஆங்கிலேயர் ஒரு தேதியிலும் பிரெஞ்சுக்காரர் பதினொரு நாள் தள்ளிய தேதியிலும் பதிந்திருப்பார்கள். இடப்பெயரும் ஏமாற்றும். 1622-இல் ஃபுளோரிடா அருகே மூழ்கிய ஸ்பானியக் கப்பல் அதோச்சாவை மெல் ஃபிஷர் என்ற புதையல் தேடுபவர் ஒரு தீவையொட்டித் தேடிக்கொண்டிருக்க, செவில் நகரத்து ஆவணக் காப்பகத்தில் யூஜின் லையன் என்ற வரலாற்றாய்வாளர் வாசித்த ஒரு தாள், அந்தக் கப்பல் மார்க்கேசாஸ் தீவுகளின் பக்கம் மூழ்கியது என்று காட்டியது. ஏறத்தாழ நூறு மைல் மேற்கே!

புதையல் என்று உங்கள் நண்பர்கள் சொன்னதற்கு அதோச்சாவையே பதிலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஃபிஷர் 16 ஆண்டுகள் தேடினார். 1975 ஜூலை 20 அன்று அவருடைய மகனும் மருமகளும் இன்னொரு முக்குளிப்பவரும் தங்கள் படகு கவிழ்ந்து இறந்தார்கள். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து, அதே நாளில், வெள்ளிக் கட்டிகளின் குவியல் கிடைத்தது. அந்த மனிதரின் விடாப்பிடியை நான் மதிக்கிறேன். ஆனால் படகின் உந்துவிசிறி தள்ளும் நீரைக் குழாய் வழியே கீழே திருப்பிக் கடல்தரையில் குழி பறிக்கும் அவருடைய முறையை என்னால் ஏற்க முடியவில்லை. எந்தப் பொருள் எதன் அருகில் கிடந்தது என்ற செய்தி அந்த நீரோடு போய்விடும். போன பின் அதை மீட்க வழியே இல்லை.

இதற்கு நேர்மாறானது துருக்கியின் உலுபுருன் கரையருகே நடந்த ஆய்வு. 1982-இல் கடற்பஞ்சு எடுக்கும் இளைஞர் ஒருவர், காதுகள் வைத்த உலோக பிஸ்கட்டுகளைக் கடலடியில் கண்டதாகத் தன் படகுத் தலைவரிடம் சொன்னார். கடற்பஞ்சு எடுப்பவர்களின் துறைமுகங்களுக்குப் போய்ப் பழங்காலச் செப்புப் பாளங்களின் படங்களை ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருந்ததால் அது என்னவென்று புரிந்தது. 3300 ஆண்டுகள் பழைய கப்பல். 1984 முதல் 1994 வரை 22,000-க்கும் அதிகமான முறை இறங்கி அளந்து, வரைந்து, எடுத்தார்கள். பத்து டன் செம்பும் ஒரு டன் வெள்ளீயமும் இருந்தன. வெண்கலம் வார்ப்பதற்கு வேண்டிய அதே பத்துக்கு ஒன்று என்ற கணக்கு. ஒரு பட்டறைக்காரரின் கைக்கணக்கு அப்படியே கடலடியில் கிடந்திருக்கிறது. எந்தத் தங்கக்கட்டியும் எனக்கு இந்த அளவுக்குச் சிலிர்ப்பைத் தந்ததில்லை.

உள்ளூர் மக்களின் சொல்லைக் கேட்க மறுத்ததால் வீணான காலமும் உண்டு. 1845-இல் வட துருவக் கடலுக்குப் போன ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் ஃபிராங்ளினின் எரபஸ், டெரர் என்ற இரு கப்பல்களில் ஒன்று வெகு தெற்கே மூழ்கியது என்று அங்கே வாழும் இனுயிட் மக்கள் அந்த நூற்றாண்டிலேயே சொன்னார்கள். 2014-இல் எரபஸ் அவர்கள் சொன்ன பகுதியில்தான் கிடைத்தது. உறைந்த விரிகுடா ஒன்றில் பனிக்கு மேல் நீட்டிக்கொண்டிருந்த மரத்தைத் தான் பார்த்ததாக இனுயிட் ஒருவர் சொல்ல, 2016-இல் டெரரும் கிடைத்தது.

கடலில் செய்யும் வேலையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. உழவர் சால் ஓட்டுவதுபோல் குறித்த இடைவெளியில் படகை நேராகச் செலுத்தி, முனையில் திருப்பி, ஒலியால் கடலடியைக் காட்டும் சோனாரையும் இரும்பை உணரும் காந்தமானியையும் இழுத்துச் செல்வார்கள். திரையில் பகல் முழுவதும் மணல் ஓடும். சலித்துக் கண்ணயர்ந்த ஒரு நிமிடத்தில் கப்பல் கடந்து போய்விடலாம். இந்தச் சலிப்பைத் தாங்க முடியுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஆழத்தின் அபாயத்தையும் மறக்க வேண்டாம்: 1900-இல் கிரேக்கத் தீவான ஆண்டிகிதெரா அருகே தொடங்கிய கப்பல் வேலையில், அழுத்த மாற்றத்தால் வரும் நோய்க்கு ஒருவர் பலியானார், இருவர் முடமானார்கள்.

ஒன்றைக் கண்டுபிடித்தால் தொடாதீர்கள். இடத்தைக் குறித்து, படமெடுத்து, அந்த நாட்டின் தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். நூறாண்டுக்கு மேல் நீரடியில் இருப்பவற்றை முதலில் இருந்த இடத்திலேயே பாதுகாக்க எண்ண வேண்டும், வணிகத்துக்கு விற்கக் கூடாது என்று யுனெஸ்கோவின் 2001 உடன்படிக்கை சொல்கிறது. வெளியே எடுத்த மரம் காய்ந்தால் சுருங்கிப் பிளக்கும். வாசாவைக் காக்க 17 ஆண்டுகள் அதன் மேல் பாதுகாப்புத் திரவத்தைத் தெளிக்க வேண்டியிருந்தது. தனி மனிதரால் ஆகக்கூடிய காரியமல்ல அது.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டீர்கள். நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் கப்பல் மூழ்கியது என்று முதன்முதலில் சொன்னவர் யார் என்று கண்டுபிடியுங்கள். அவர் அதில் பயணித்தவரா, கரையிலிருந்து பார்த்தவரா, கேட்டதை எழுதியவரா? அவருக்கு அப்போது கரை தெரிந்ததா? எந்த வரைபடத்தைக் கையில் வைத்திருந்தார்? இவற்றுக்கு விடை கிடைத்த பிறகு எனக்கு மீண்டும் எழுதுங்கள். கப்பலின் பெயரை அப்போதும் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்.