பார்பரா கேட்ட பியானோ

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சுப் பாடகி பார்பராவைப் பற்றிய உங்கள் குறிப்பைப் படித்துவிட்டு ‘கோட்டிங்கன்’ பாடலைக் கேட்டேன். யூதக் குடும்பத்தில் பிறந்து, போர்க்காலத்தில் ஊர் ஊராக ஒளிந்து வளர்ந்தவர் ஒரு ஜெர்மன் நகரத்தைக் கொஞ்சிப் பாடுவது உறுத்துகிறது. மன்னிப்பு இவ்வளவு எளிதா?

க.

அன்புள்ள க.,

அவர் மன்னிக்கப் போகவில்லை, வேண்டாவெறுப்பாகத்தான் போனார். கோட்டிங்கனிலிருந்து ஓர் அரங்க இயக்குநர் பாரிஸுக்கு வந்து அழைத்தபோது முதலில் மறுத்தார். பிறகு, மேடையில் கிடைமட்டமான கறுப்புப் பியானோ வேண்டும் என்று நிபந்தனை போட்டு ஒப்புக்கொண்டார். 1964 ஜூலையில் போய்ப் பார்த்தால் உயரமான நிமிர்ந்த பியானோ நிற்கிறது. அதற்குப் பின்னால் உட்கார்ந்தால் கூட்டத்தின் முகமே தெரியாது. பியானோ சுமப்பவர்கள் அன்று வேலைநிறுத்தம். பாடமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். (அந்தப் பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும்.) கடைசியில் பத்து மாணவர்கள் ஒரு மூதாட்டியின் வீட்டுப் பியானோவைச் சுமந்துகொண்டு வந்தார்கள். கச்சேரி தாமதமாகத் தொடங்கியது, கூட்டம் காத்திருந்தது.

பயணத்தின் கடைசி நாளில், அரங்கத் தோட்டத்தில் உட்கார்ந்து எழுதியதுதான் அந்தப் பாடல். அன்றிரவே அரைகுறையாகப் பாடிக் காட்டினார். கொஞ்சல் என்கிறீர்கள். ‘ஒரே ஒரு ஊரில்’ என்று நாம் கேட்ட கதைகள் அங்கேதான் தொடங்குகின்றன என்று ஒரு வரி வரும். அந்த நாட்டார் கதைகளைத் தொகுத்த கிரிம் சகோதரர்கள் அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தில் இருந்தவர்கள். பாரிஸானாலும் கோட்டிங்கனானாலும் குழந்தைகள் ஒன்றுதான் என்பார். கூடவே, இரத்தமும் பகையும் நிறைந்த காலம் திரும்ப வேண்டாம் என்பார். சமாதானம் வேண்டும், மறதி வேண்டாம் என்றுதான் பிற்பாடு தன் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

மன்னிப்பைப் பற்றிக் கேட்பதானால் நீங்கள் கேட்க வேண்டியது ‘நான்த்’ என்ற அவருடைய இன்னொரு பாட்டு. 1959 டிசம்பரில் அதே பெயருள்ள பிரெஞ்சு நகரத்தில் அவருடைய தந்தை இறந்தார். மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தவர். பார்பரா போய்ச் சேரும்போது உயிர் போயிருந்தது. அந்தத் தந்தை சிறுமியாக இருந்த தன்னிடம் பாலியல் வன்கொடுமை செய்தவர் என்பதை அந்த நினைவுக்குறிப்பில்தான் சொன்னார். அது 1998இல் வெளிவந்தது. 1997 நவம்பரில் அவர் காலமாகியிருந்தார். பாட்டிலோ அதைப் பற்றி ஒரு சொல் கிடையாது. மழை, வந்து சேர்ந்த ஒரு செய்தி, ஓர் அறை, தாமதம் மட்டுமே. எழுதி முடிக்கச் சில ஆண்டுகள் ஆயின.

அந்தப் பாட்டில் வரும் தெருவின் பெயர் அவருடைய கற்பனை. 1986இல் நான்த் நகராட்சி அதே பெயரை ஒரு தெருவுக்குச் சூட்டியது. திறப்பு விழாவுக்கு அவரே போயிருந்தார்.