டைம் டிரையல் சைக்கிள்: ரோடு பைக் சைஸையே வாங்கலாமா?

கேள்வி: என் உயரம் 5 அடி 7 அங்குலம். 54 சைஸ் ரோடு பைக் வைத்திருக்கிறேன். மாதவரத்தில் ஒருவர் தன் பழைய டைம் டிரையல் சைக்கிளை ஒன்றேகால் லட்சத்துக்குத் தருகிறார். அதுவும் 54தான். “ரோடு பைக் சைஸ் சரியாக இருந்தால் இதுவும் சரியாக இருக்கும்” என்கிறார். நம்பி வாங்கலாமா?
– வாசகர், தண்டையார்பேட்டை

பதில்: அளந்து பார்க்கும்வரை அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 54 என்ற எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அது ஒரே கம்பெனியாக இருந்தாலும், ரோடு பைக்கின் 54-ஐ வைத்து, தனியாக நேரத்தோடு போட்டி போடுவதற்கான டைம் டிரையல் (டிடி) பைக்கை முடிவு செய்ய முடியாது. ரோடு பைக்கில் சீட் டியூப், அதாவது சீட்டைத் தாங்கும் ஃபிரேம் குழாய், 73 டிகிரியை ஒட்டிச் சாய்ந்திருக்கும். டிடி பைக்கில் 76 முதல் 80 வரை நிமிர்ந்திருக்கும். சீட் முன்னால் வரும், இடுப்பும் கூடவே வரும், உடம்பின் பாரம் முழங்கையில் இறங்கும். உட்காரும் விதமே வேறு.

அதனால் முழங்கை எங்கே ஊன்றப்போகிறது என்பதை முதலில் கண்டுபிடியுங்கள்; ஃபிரேம் அப்புறம். உங்கள் ரோடு பைக்கில் மாட்டுகிற ஏரோ பார் (முழங்கையைப் பேடில் ஊன்றி, கைகளை முன்னால் நீட்டிப் பிடிக்கிற பார்) ஒன்று வாங்கி, சீட்டைக் கொஞ்சம் முன்னால் தள்ளி, சைக்கிளை நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னர் ஸ்டாண்டில் மாட்டி ஏறுங்கள். இருபது நிமிடம் கழுத்து வலிக்காமல், மூச்சு முட்டாமல் குனிந்திருக்க முடிகிற நிலைதான் உங்களுடையது. இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1989 டூர் டி பிரான்ஸின் கடைசி நாளில் 50 வினாடி பின்தங்கியிருந்த கிரெக் லெமாண்ட், 24.5 கி.மீ. டைம் டிரையலில் அதை ஈடுகட்டி, மொத்தத்தில் 8 வினாடியில் ஜெயித்தார். அவர் ஏரோ பார் மாட்டியிருந்தார். எதிராளி ஃபின்யோன் மாட்டவில்லை.

அந்த நிலையில், இரண்டு பெடல் தண்டுகளையும் இணைக்கும் அச்சு சுழலும் பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து முழங்கை பேடு எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்று குறித்துக்கொண்டு மாதவரம் போங்கள். கையில் ஒரு டேப் இருந்தால் போதும். சைக்கிளின் பின்சக்கரம் சுவரைத் தொடும்படி நேராக நிறுத்தி, ஒருவரைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். சுவரிலிருந்து பாட்டம் பிராக்கெட் மையம் வரை ஒரு அளவு, ஹேண்டில்பாருக்குக் கீழே இருக்கும் முன்குழாயான ஹெட் டியூபின் மேல்முனை வரை இன்னொரு அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரீச். அதே இரண்டு புள்ளிகளையும் தரையிலிருந்து அளந்து கழித்தால் ஸ்டாக். சைஸ் எண்ணை விட இந்த இரண்டையும்தான் நான் நம்புவேன்.

உதாரணத்துக்கு, உங்களுக்கு பேடு 600 மி.மீ. உயரத்தில் வேண்டும். ஃபிரேமின் ஸ்டாக் 530. அதற்கு மேல் ஹேண்டில்பாரும் பேடும் குறைந்தபட்சம் 85 எடுக்கின்றன என்றால் மொத்தம் 615. அந்த 15 மி.மீ.யைக் கீழே இறக்க வழியே இல்லை. ஸ்டாக் 500 என்றால் 585தான். பேடுக்கு அடியில் 15 மி.மீ. ஸ்பேசர் (உயர்த்தும் துண்டு) வைத்தால் முடிந்தது. இரண்டு சைஸுக்கு நடுவில் மாட்டினால் சின்னதை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

ஆனால் ரொம்பச் சின்னதாகவும் போய்விடக் கூடாது. ரீச் குறைந்தால் முழங்கால் முழங்கையில் இடிக்கும். இன்னொன்று நம் பக்கத்துக்கு முக்கியம்: பிரேக் இருப்பது ஏரோ பாரில் இல்லை, கீழே இருக்கிற பேஸ் பாரில். பேடை மட்டும் ஸ்பேசர் வைத்து உயர்த்தினால் பேஸ் பார் கீழேயே இருக்கும். எண்ணூர் விரைவுச் சாலையில் முன்னால் போகிற கன்டெய்னர் லாரி திடீரென வேகம் குறைக்கும்போது, அவ்வளவு ஆழம் குனிந்து பிரேக்கைத் தேடுவது ஆபத்து. ஸ்பேசர் 40, 50 மி.மீ. தேவைப்படுகிறது என்றால் நான் அந்த ஃபிரேமை வேண்டாம் என்பேன்.

சர்வதேச சைக்கிள் சம்மேளனமான யூசிஐயின் விதிப்படி நடக்கும் போட்டிகளில் ஏரோ பார் நீளத்துக்கும் வரம்பு உண்டு. 2023-லிருந்து 180 செ.மீ.க்குக் குறைந்த உயரத்தவருக்குப் பாட்டம் பிராக்கெட்டிலிருந்து 80 செ.மீ.

பழைய சைக்கிள் என்பதால் சீட்டைத் தாங்கி ஃபிரேமுக்குள் நுழையும் சீட் போஸ்ட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பலர் தங்கள் உயரத்துக்கு அறுத்துவிடுவார்கள்; உங்கள் சீட் உயரத்தில் வைக்கும்போது கம்பெனி சொல்லும் குறைந்தபட்ச நீளமாவது ஃபிரேமுக்குள் இருக்க வேண்டும். கடல் காற்று படும் வீட்டில் கிடந்த சைக்கிளில் போஸ்ட் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கவும் வாய்ப்புண்டு. பலவகை டிடி போஸ்ட் அந்த மாடலுக்கென்றே செய்தது, கடையில் வேறு வாங்கிப் போட முடியாது. கழற்றிக் காட்ட அவர் தயங்கினால், ஒன்றேகால் லட்சத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு, ஏரோ பார் மாட்டிய உங்கள் ரோடு பைக்கிலேயே முதல் போட்டிக்குப் போங்கள்.