ஃபிரேமைக் கழற்றிப் பார்த்தீர்களா?

அன்புள்ள ஐயா,

பழைய ராக் கலைஞர்களின் புகைப்படங்களை ஃபிரேம் போட்டுச் சேர்த்து வருகிறேன். ஹெண்ட்ரிக்ஸ் கிதாரை எரிப்பது, லெனன், போவி என ஏழு தேறிவிட்டன. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வரிசையாக மாட்டியிருக்கிறேன். ‘நெகட்டிவ் இருக்கும்வரை பிரதி போட்டுக்கொண்டே இருக்கலாமே, இதற்கா இவ்வளவு பணம்?’ என்று நண்பர் கேலி செய்கிறார். நான் ஏமாறுகிறேனா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் கடிதத்தில் பாடகர்களின் பெயர் இருக்கிறது, படம் எடுத்தவர் பெயர் ஒன்றுகூட இல்லை. நண்பரிடம் நீங்கள் தோற்பது அங்கேதான். 1967இல் மான்டரே இசை விழாவில் ஹெண்ட்ரிக்ஸ் கிதாருக்குத் தீ வைத்தபோது ஜிம் மார்ஷலும் எடுத்தார், நாற்காலிமேல் ஏறி நின்ற 17 வயதுப் பள்ளி மாணவர் எட் கராஃபும் எடுத்தார். உங்களிடம் இருப்பது யாருடையது?

நெகட்டிவிலிருந்து எத்தனை வேண்டுமானாலும் போடலாம், உண்மை. யார் போட்டது, எப்போது போட்டது என்பதில்தான் மதிப்பு மாறுகிறது. எடுத்த காலத்திலேயே போட்டதை விண்டேஜ் பிரிண்ட் என்பார்கள். பல வருடம் கழித்து புகைப்படக்காரரே போட்டுக் கையெழுத்திட்டது அடுத்த ரகம். அவர் மறைந்தபின் உரிமையாளர்கள் போடுவது எஸ்டேட் பிரிண்ட். அதில் முத்திரை இருக்கலாம், அவர் கையெழுத்து இருக்க முடியாது. மார்ஷல் 2010இல் காலமானார், போவியை நிறைய எடுத்த மிக் ராக் 2021இல். அச்சான தேதியையும் கையெழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

12/50, அதாவது ஐம்பதில் பன்னிரண்டாவது பிரதி, என்று எழுதியிருந்தால் மொத்தமே ஐம்பதுதான் என்று நம்பிவிட வேண்டாம். சின்ன அளவில் தனி எண்வரிசை, பெரிய அளவில் தனி எண்வரிசை, போதாததற்கு ஏ.பி. என்று கலைஞருக்கான சில பிரதிகள். எல்லாம் சேர்த்து எத்தனை என்று விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்.

எனக்குப் பிடித்தது பென்னி ஸ்மித் எடுத்தது. 1979 செப்டம்பர், நியூயார்க் பல்லாடியம் அரங்கு. க்ளாஷ் ராக் குழுவின் பால் சைமனன் பேஸ் கிதாரைத் தரையில் ஓங்கி அடிக்கிறார். ஃபோகஸ் சரியில்லை என்று பென்னியே அதை ஆல்பம் அட்டைக்கு வேண்டாம் என்றார். அந்த மங்கல் இல்லாவிட்டால் அடி விழுவது தெரிந்திருக்காது. முகம்கூடத் தெரியாத அந்தப் படத்தை மாட்ட மனம் வருகிறதா என்று யோசியுங்கள், நீங்கள் சேர்ப்பது நட்சத்திரத்தையா புகைப்படத்தையா என்று தெரிந்துவிடும்.

இனி ஃபிரேம். நான் வாங்கிய முதல் பிரிண்ட்டை, ஃபிரேம் போட்டவர் அட்டையில் பசை போட்டு ஒட்டிவிட்டார். பின்பக்கம் பென்சிலில் என்ன எழுதியிருந்தது என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. வாங்கும்போது கண்ணாடியின் பளபளப்பில் மயங்கிய எனக்கு அது வேண்டும்தான். பின்னட்டையைக் கழற்றிப் பாருங்கள். அமிலமில்லாத அட்டையில் மேல்விளிம்பை மட்டும் பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும். கண்ணாடி பிரிண்ட்டைத் தொடக்கூடாது, ஈரப்பதத்தில் ஒட்டிக்கொண்டால் பிரிக்க வராது.

வெள்ளி உப்பு பூசிய தாளில் போட்ட கறுப்பு வெள்ளைப் படங்கள் ஓரளவு தாங்கும். பழைய வண்ணப் பிரிண்ட்டுகளின் சாயம் வெயிலில் நிற்காது. ஏழில் வண்ணம் எத்தனையோ, அவற்றை இன்றைக்கே அந்தச் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். நண்பருக்கு நாளை பதில் சொல்லலாம்.