சவுண்ட் கார்டில் அலை பார்க்கலாம்: எலெக்ட்ரானிக்ஸ் கேள்வி–பதில்

கேள்வி: ஆஸிலாஸ்கோப் (வோல்ட்டேஜ் ஏறி இறங்குவதைத் திரையில் அலையாகக் காட்டும் கருவி) வாங்க வசதியில்லை. பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் ஒன்று சும்மா கிடக்கிறது. அதிலேயே அலை பார்க்கலாம் என்கிறார்களே, என்னென்ன வேண்டும்?

பதில்: பார்க்கலாம். பெட்டியின் பின்பக்கம் நீல நிற ஜாக் இருக்கும், அதுதான் லைன்-இன், வெளியிலிருந்து ஒலி சிக்னலை உள்ளே வாங்கும் வழி. பக்கத்திலுள்ள இளஞ்சிவப்பு மைக் ஜாக் வேண்டாம். சில மில்லிவோல்ட்டிலேயே அது திணறிவிடும். மைக்குக்கான டிசி வோல்ட்டேஜும் அதில் நிற்கும். லைன்-இன் சுமார் 1 வோல்ட் வரை வாங்கிக்கொள்ளும். அதற்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன சர்க்யூட் போதும்.

100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று, 1என்4148 டயோடு நான்கு, 3.5 மி.மீ. ஸ்டீரியோ பின், ஷீல்டு வயர் ஒரு மீட்டர், முதலை கிளிப் இரண்டு. சிக்னல் கிளிப்பிலிருந்து பின்னின் நுனிக்குப் போகும் வழியில் 100 கிலோ. நுனிக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே 10 கிலோ. அதே இடத்தில் டயோடுகளையும் குறுக்கே வையுங்கள்: இரண்டு தொடராக ஒரு திசையில், மற்ற இரண்டு எதிர்த்திசையில். திசைக்கு ஒன்று போதாதா என்றால், 0.6 வோல்ட்டிலேயே அலையின் தலையை வெட்டிவிடும். இரண்டிரண்டாகப் போட்டால் 1.2 வோல்ட் வரை இடமிருக்கிறது.

கணக்குப்படி இது 11-ல் ஒரு பங்கு. ஆனால் லைன்-இன்னின் உள் ரெசிஸ்டன்ஸும் 10 கிலோவுக்கு இணையாகச் சேர்வதால், நிஜத்தில் இன்னும் குறைவாகத்தான் வரும். அதனால் அளவு கட்டாமல் திரையில் தெரியும் வோல்ட்டை நம்பாதீர்கள். 6 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியை (குறைந்த வோல்ட் வெளிவரும் பக்கத்தை) மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சில் அளந்து, வந்த எண்ணை 2.83-ஆல் பெருக்குங்கள். மீட்டர் 7 காட்டினால் 19.8. அலையின் உச்சிக்கும் அடிக்கும் இடையே அத்தனை வோல்ட். அதே செகண்டரியை லைன்-இன்னில் கொடுத்து, திரையில் வரும் உயரம் 19.8 வோல்ட் என்று சாஃப்ட்வேரில் பதிந்துவிடுங்கள். அதன்பிறகு ரெக்கார்டிங் வால்யூமைத் தொடக்கூடாது. தொட்டால் முதலிலிருந்து அளக்க வேண்டியதுதான்.

சாஃப்ட்வேருக்குச் செலவில்லை. விண்டோஸுக்கு சவுண்ட்கார்டு ஸ்கோப், லினக்ஸுக்கு எக்ஸ்ஆஸ்கோப். அவசரத்துக்கு ஆடாசிட்டியில் பதிவு செய்து பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

கேள்வி: நீங்கள் சொல்வதுபோல் டிரான்ஸ்பார்மரை மாட்டிப் பார்த்தேன். சைன் அலையின் தலை தட்டையாக இருக்கிறது. டயோடு வெட்டுகிறதா?

பதில்: சிக்னலைப் பாதியாக்கிப் பாருங்கள். 100 கிலோவுடன் இன்னொரு 100 கிலோவைத் தொடராகச் சேர்த்தால் போதும். தட்டை மறைந்துவிட்டால் குற்றவாளி டயோடுதான், அல்லது சவுண்ட் கார்டே நிரம்பியிருக்கும். அலை சிறிதாகியும் அதே சாயலில் தட்டையாக நின்றால் உங்கள் வீட்டு மின்சாரமே அப்படித்தான் வருகிறது. தெருவிலுள்ள டிவி, சார்ஜர், கம்ப்யூட்டர் எல்லாம் அலையின் உச்சியில்தான் கரண்டை இழுக்கின்றன, உச்சி அமுங்குகிறது.

கேள்வி: 555 டைமர் ஐசியில் 1 கிலோ, 68 கிலோ ரெசிஸ்டர்களும் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டரும் போட்டு எல்.இ.டி. மின்ன வைத்தேன். எல்.இ.டி. ஒழுங்காக மின்னுகிறது. திரையில் சதுர அலைக்குப் பதில் மேலும் கீழும் ஊசி ஊசியாக வருகிறதே?

பதில்: ஐசி மேல் தப்பில்லை. சவுண்ட் கார்டின் வாசலில் ஒரு கப்பாசிட்டர் உட்கார்ந்திருக்கிறது. அது டிசியை உள்ளே விடாது. உங்கள் அலை நொடிக்கு ஒன்று. ஏறி நிற்கும் அரை நொடியும் கார்டுக்கு டிசி மாதிரிதான். ஏறும் கணமும் இறங்கும் கணமும் மட்டும் ஊசியாகத் தெரிகின்றன. 10 மைக்ரோவை எடுத்துவிட்டு 0.01 மைக்ரோ போடுங்கள். நொடிக்குச் சுமார் 1,050 ஆகும், சதுரம் சதுரமாகவே வரும். 0 வோல்ட் கோடு மட்டும் அலையின் நடுவே ஓடும். ஓரங்களில் சின்னச் சின்ன நெளிவுகளும் தெரியும். அவை கார்டின் ஃபில்டர் வேலை.

மேல்பக்கமும் ஒரு எல்லை உண்டு. நொடிக்கு 48,000 முறை அளக்கும் கார்டு சுமார் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வடிகட்டிவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையில் 10, 30, 50 என்று அடுக்கடுக்காகச் சைன் அலைகள் இருக்கின்றன. முதலாவது மட்டும் தப்பி வரும். ஆக, சதுரத்தைக் கொடுத்தால் அழகான சைன் தெரியும். இரண்டு கிலோஹெர்ட்ஸுக்கு மேல் அலையின் வடிவத்தை நம்பாதீர்கள். அதிர்வெண்ணை 20 வரை தாராளமாக நம்பலாம்.

நொடிக்கு ஒன்று போன்ற மெதுவான அலைகளுக்கு ஆர்டுவினோவின் அனலாக் பின்னும் சீரியல் ப்ளாட்டரும் மேல். அதில் டிசியும் தெரியும்.

கேள்வி: லேப்டாப்பில் ஒரே ஜாக்தான். யுஎஸ்பி சவுண்ட் டாங்கிள் வாங்கினேன். அலை வந்த இரண்டு நொடியில் தேய்ந்து மறைகிறது.

பதில்: நாய்ஸ் சப்ரஷன். ஒரே சீராக வரும் ஒலியை ஃபேன் இரைச்சல் என்று எண்ணி அடக்கிவிடுகிறது. சவுண்ட் செட்டிங்கில் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட் அத்தனையையும், தானாக வால்யூம் மாற்றும் வசதியையும் அணைத்துவிடுங்கள். டாங்கிளில் இருப்பது பெரும்பாலும் மைக் ஜாக் என்பதால் 100 கிலோவுக்குப் பதில் 1 மெகா ஓம் போடுங்கள். பின்னுக்கு முன்னால் 10 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைத் தொடராக, பாசிட்டிவ் கால் டாங்கிள் பக்கம் இருக்கும்படி வையுங்கள்.

கேள்வி: டிவி ரிமோட் சிக்னலைப் பார்க்க முடியுமா?

பதில்: 38 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு தெரியாது. டிஎஸ்ஓபி1738 என்ற ரிமோட் ரிசீவர் சென்சாரை 5 வோல்ட்டில் ஓட்டி, அதன் அவுட்புட்டை எடுங்கள். துடிப்பை நீக்கிவிட்டுச் செய்தியை மட்டும் அது தரும். என்இசி (ரிமோட்டுகள் செய்தி அனுப்பும் முறைகளில் ஒன்று) முறை ரிமோட்டானால் முதலில் 9 மில்லிசெகண்ட் கீழே, பிறகு 4.5 மேலே, அதன்பின் 32 பிட். ஒவ்வொரு பிட்டும் 0.56 மில்லிசெகண்ட் துடிப்பில் தொடங்கும். பின்வரும் இடைவெளி 0.56 என்றால் 0, சுமார் 1.7 என்றால் 1. நொடிக்கு 48,000 முறை அளக்கும் கார்டில் 0.56 மில்லிசெகண்ட் துடிப்புக்கு 27 புள்ளிகள் கிடைப்பதால் விரல்விட்டு எண்ணிவிடலாம். சாஃப்ட்வேரில் ட்ரிக்கரை 'சிங்கிள்' (அலை வந்ததும் ஒருமுறை பிடித்து நிறுத்திவைப்பது) என்று வைத்து ரிமோட் பட்டனை அழுத்துங்கள். அலை தலைகீழாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், சில கார்டுகள் அப்படித்தான்.

கேள்வி: எல்.இ.டி. பல்பு டிரைவரை இதில் பார்க்கலாமா?

பதில்: கூடாது. டிரான்ஸ்பார்மர் இல்லாத அந்த போர்டின் கிரவுண்ட், 230 வோல்ட் லைனோடு நேரடித் தொடர்புடையது. கம்ப்யூட்டர் ஜாக்கின் கிரவுண்டோ எர்த்தில் இருக்கிறது. நமது ரெசிஸ்டர் சிக்னல் கம்பியில்தான். கிரவுண்ட் கம்பியில் தடுக்க ஒன்றுமில்லை. லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுவது இதைவிட மோசம்: நீங்கள் கை வைத்திருக்கும் லேப்டாப்பே லைனாகிவிடும்.

கேள்வி: பிஏஎம்8403 ஆம்ப் போர்டுக்கு அதே கம்ப்யூட்டரின் யுஎஸ்பியிலிருந்து சப்ளை. ஸ்பீக்கர் மைனஸில் கிரவுண்ட் கிளிப்பை மாட்டியதும் சத்தம் நின்றுவிட்டது.

பதில்: உங்களுடையது பிரிட்ஜ் ஆம்ப்ளிஃபயர். அதில் ஸ்பீக்கரின் மைனஸ் கிரவுண்ட் அல்ல, அதுவும் ஓர் அவுட்புட். அதை ஷார்ட் செய்துவிட்டீர்கள். ஐசியில் ஷார்ட் பாதுகாப்பு உண்டு. கிளிப்பை எடுத்து, சப்ளையை ஒருமுறை நிறுத்திப் போடுங்கள். இனி கிரவுண்ட் கிளிப் போர்டின் சப்ளை கிரவுண்டில், சிக்னல் கிளிப் ஸ்பீக்கரின் ஒரு முனையில். இது கிளாஸ்-டி, அதாவது ஒலியை அதிவேகத் துடிப்புகளாக அனுப்பும் ஆம்ப். அந்தத் துடிப்பை வடிகட்ட இடையில் 1 கிலோ ஓம் தொடராக, அதற்குப் பிறகு 0.01 மைக்ரோஃபாரட் கிரவுண்டுக்கு. திரையில் தெரிவது பாதி வோல்ட்டேஜ்; ஸ்பீக்கருக்குப் போவது அதைப்போல் இரண்டு மடங்கு.