கூன் போடும் மகளுக்கு பெல்ட் வாங்கலாமா?

"என் மகளுக்கு 12 வயது, ஏழாம் வகுப்பு. எடை 35 கிலோ. ஒரு வருடமாகக் கூன் போட்டே நடக்கிறாள். மாலையில் தோளும் கழுத்தும் வலிக்கிறது என்கிறாள். முதுகை நிமிர்த்தும் பெல்ட் வாங்கலாமா?" என்று திருநெல்வேலியிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்.

பெல்ட் வேண்டாம் அம்மா. கட்டியிருக்கும் வரை தோளைப் பின்னால் இழுத்துப் பிடிக்கும். அவிழ்த்ததும் கூன் திரும்பிவிடும். முதுகைத் தாங்க வேண்டியவை அவளுடைய தசைகள்தான்.

முதலில் பையை எடை போடுங்கள். எடை மெஷினில் நீங்கள் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை ஏறிக் கழித்துப் பார்த்தால் போதும். குழந்தையின் எடையில் பத்தில் ஒரு பங்கைப் பை தாண்டக் கூடாது என்கிறது மத்திய அரசின் 2020 பள்ளிப் பைக் கொள்கை. ஏழாம் வகுப்புக்கு 2 முதல் 3 கிலோ. என்னிடம் வரும் பிள்ளைகளின் பைகளைத் திறந்தால், அன்று வகுப்பே இல்லாத புத்தகம், எழுதித் தீர்ந்த நோட்டு, எவர்சில்வர் டிபன் டப்பா எல்லாம் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் மட்டுமே ஒரு கிலோ. பள்ளியில் நல்ல குடிநீர் கிடைத்தால் பாட்டிலைக் காலியாக அனுப்பலாம். கனமானதை முதுகை ஒட்டி வையுங்கள். இரண்டு பட்டைகளையும் மாட்டி, பை இடுப்புக்குக் கீழே தொங்காதபடி இழுத்துவிடுங்கள்.

அப்புறம், அவள் படிக்கும் இடம். சம்மணமிட்டு உட்காருவதில் தவறில்லை. புத்தகம் தரையில் கிடந்தால் கழுத்து மணிக்கணக்கில் தொங்கும். பழைய கணக்குப்பிள்ளை மேசை சாய்வாக இருக்குமே, அப்படி ஒன்று கிடைத்தால் அருமை. நாற்காலி என்றால் பாதம் தொங்காமல் கீழே மணைப்பலகை போடுங்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கட்டும்.

இன்னொன்றை நீங்கள்தான் கவனிக்க முடியும். மார்பு வளரும் வயதில் பல பெண் குழந்தைகள் கூச்சத்தில் தோளைச் சுருக்கிக்கொள்கிறார்கள். "நிமிர்ந்து நட" என்று எல்லோர் முன்னாலும் சொன்னால் இன்னும் குறுகுவாள். அளவான உள்ளாடையும் இறுக்காத சீருடையும் வாங்கிக் கொடுங்கள். தனியே உட்காரவைத்துப் பேசுங்கள். இதற்குப் பிறகு நிமிர்ந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி என்றால் ஸ்கிப்பிங், நீச்சல், ஓடிப் பிடித்தல் எதுவானாலும் சரி; தினமும் ஒரு மணி நேரம் விளையாட வேண்டும். டியூஷனுக்காக அதை வெட்டிவிடாதீர்கள். கூடவே குப்புறப் படுத்து, கைகளை உடலை ஒட்டி வைத்து, நெஞ்சை மெல்லத் தூக்கி ஐந்து எண்ணி இறக்கச் சொல்லுங்கள். தினம் பத்து முறை.

கடைசியாக ஒரு பரிசோதனை. கால்களைச் சேர்த்து, முட்டி மடக்காமல் குனியச் சொல்லிப் பின்னால் நின்று பாருங்கள். முதுகின் ஒரு பக்கம் மேடாகத் தெரிந்தால் ஸ்கோலியோசிஸ் எனும் பக்கவாட்டு வளைவாக இருக்கலாம். அது பை சுமப்பதால் வருவதில்லை. ஆனால் உயரம் கூடும் இந்த வயதில் வேகமாக அதிகரிக்கக்கூடும். நிமிரச் சொன்னாலும் கூன் நிமிராவிட்டால், இரவில் வலியால் விழித்தால், காய்ச்சலோ எடைக் குறைவோ கால் மரத்துப்போவதோ இருந்தால், தாமதிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். வளைவு உறுதியாகி பெல்ட் தேவை என்றால், அவளுக்கென்றே அளவெடுத்துச் செய்யச் சொல்லுவார். கடையில் தொங்கும் பெல்ட் அதற்கு உதவாது.